முடுக்க ஒண்ணுமில்ல

வாங்க சார். செருப்பக் கழட்ட வேணாம், கடைதானே, போட்டுக்கிட்டே வாங்க. ரேக்கு கம்பெனியில இருந்துதானே வாரீங்க? சட்டையில எழுதியிருக்கத வாசல்ல வரும்போதே படிச்சிட்டேன். ஒரு வாரமா போன் போட்டுக்கிட்டே இருக்கேன் சார். எடுத்தா ஒரு பொம்பளக் குரல், ஒண்ண அழுத்து, ரெண்ட அழுத்துன்னு உயிர வாங்குது. நேத்துத்தான் அழுத்த வேண்டிய எல்லாத்தையும் அழுத்திட்டு ஒரு சத்தம் போட்டேன், கோர்ட்டுக்குப் போயிருவேன்னு. இன்னைக்கு ஆள் வந்து நிக்குது பாத்தீங்களா? சத்தம் போடாம இந்த ஒலகத்துல ஒரு வேலை நடக்காது.

இருங்க, இருங்க. எங்க நேரா அங்கிட்டுப் போறீங்க? அந்த மூலை ரேக்குதான், அதேதான், அதுக்கு இப்ப என்ன அவசரம்? மொதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நடந்தது என்னன்னு கேக்காம கைய வச்சீங்கன்னா, ரெண்டு தட்டு தட்டி, சரியாப் போச்சுன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவீங்க. எனக்கு அது வேணாம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சாமான் மட்டம், அத வாங்குனது தப்புன்னு கம்பெனிக்காரன் வாயால சொல்லணும். எங்கிட்டச் சொன்னாப் பத்தாது. கோவில்பட்டிக்கு ஒரு போன் போட்டுத் தாரேன், என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லணும். ஏன்னா இத வாங்குனவ அவ. கோவிச்சுக்கிட்டு அவ அக்கா முத்துக்கனி வீட்டுல போயி உக்காந்திருக்கா. தான் செஞ்சது தப்புன்னு தெரிஞ்சாத்தான் எறங்கி வருவா. அவ வந்தாத்தான் இந்தக் கடை கடையா இருக்கும், எனக்கும் நேரத்துக்கு ஒரு வாய் சோறு கெடைக்கும். வெளங்குச்சா?

டீ சொல்லட்டுமா? வேணாமா? சரி, அப்புறம் சொல்றேன்.

என் பேரு தவசிலிங்கம். வீட்டுக்காரி பேரு சந்தனமாரி. அருப்புக்கோட்டையில சீர்வரிசைப் பாத்திரம்னா நேரா நம்ம கடைக்குத்தான் வருவாங்க. அண்டாவுல இருந்து குங்குமச்சிமிழ் வரைக்கும் ஒரே எடத்துல முடிச்சிரலாம். முன்னாடி இங்க இருந்த ரேக்கு பூராம் நான் என் கையால மாட்டுனது. ஆங்கிள்ல வரிசையா ஓட்டை இருக்கும், தகட்ட வச்சு மூலைக்கு மூலை போல்ட்டு, வாஷர், நட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவ விளக்கேத்துனதும் நான் ஸ்பானர எடுத்தேன்னா, அந்தக் கோடியில ஆரம்பிச்சு இந்தக் கோடி வரைக்கும் அத்தனை நட்டையும் ஒரு திருகு திருகிட்டு வந்துதான் காப்பி குடிப்பேன். வாராவாரம் முடுக்கணும். ரோட்டுல லாரி போகும், ஆட்டம் குடுக்கும், லூசாகும். லூசாகுறது அதோட வேலை, முடுக்குறது என் வேலை. அப்பிடித்தான் சார் இத்தன வருஷம் ஓடுச்சு. ஒரு ரேக்கு விழுந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

அவளுக்குத்தான் அந்த ரேக்கு ஆகாது. போல்ட்டு முனை வெளிய நீட்டிக்கிட்டு இருக்காம். சேலையக் கிழிக்குதாம், கையக் கீறுதாம். இரும்பு கீறாம பூவா இருக்கும்? அவ முழங்கைக்குக் கீழ பாத்தீங்கன்னா கோடு கோடா இருக்கும், ஒண்ணு ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு. பாத்து எடுத்தா என்னன்னு நானும் கல்யாணம் ஆன நாள்ல இருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டாத்தானே.

இந்தப் புது ரேக்க அவ விருதுநகர்ல ஒரு மருந்துக்கடையில பாத்திருக்கா. மூட்டுவலி மாத்திரை வாங்கப் போனவ மாத்திரைய மறந்துட்டு ரேக்கத் தடவிப் பாத்துட்டு வந்திருக்கா. அன்னைக்கு எனக்குச் சோறு போடும்போது ஆரம்பிச்சா. "அதுல போல்ட்டே இல்லங்க. கைய வச்சு இழுத்தா வழுவழுன்னு போகுது"ன்னா. போல்ட்டு இல்லாம எப்பிடி நிக்கும், மந்திரம் போட்டு நிப்பாட்டுவானான்னு கேட்டேன். அதுக்கு ஒரு வெளக்கம் சொன்னா பாருங்க. காலுல வரிசையா ஓட்டை இருக்குமாம், ஒவ்வொரு ஓட்டையும் மேல அகலமா, கீழ குறுகலா இருக்குமாம். குறுக்குச் சட்டத்தோட முனையில பித்தான் மாதிரி கொண்டை இருக்குமாம். கொண்டைய அகலத்துல நுழைச்சு, மேல இருந்து ஒரு தட்டு தட்டுனா, எறங்கிக் குறுகல்ல போயி மாட்டிக்கிருமாம். அப்புறம் பாரம் ஏற ஏற இன்னும் நல்லா இறுகுமாம். "பாரம்தாங்க அதுக்கு நட்டு"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். பாரம் ஏறுனா எந்தப் பொருளும் வளையும், இல்லன்னா முறியும். பாரம் ஏத்துனா இறுகுற பொருள் இந்த வீட்டுல ஒண்ணு காட்டு பாப்போம்னேன். "ஏன், நான் இல்லையா?"ன்னுட்டு ரசத்த ஊத்துறா. சம்பந்தா சம்பந்தமில்லாமப் பேசுறதுல அவளுக்கு நிகர் யாரும் கெடையாது சார்.

நான் வேணாம்னுட்டேன். அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். பந்தல்குடியில ஒரு துட்டி விழுந்துச்சு, சொந்தக்காரர் ஒருத்தர் செத்துப் போயிட்டாரு, போயி எடுத்துப் போட்டுட்டு வரணும்ல, போனேன். சாயங்காலம் வந்து பாக்குறேன், பழைய ரேக்கு ரெண்டு பின்னாடி கொட்டகையில கெடக்கு, இங்க புதுசு ரெண்டு நிக்குது. அவளும் பக்கத்து வளையல்கடைப் பாக்கியமும் சேந்து மாட்டியிருக்காளுக. கையில ஒரு ரப்பர் சுத்தி, அவ்வளவுதான். முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு நிக்கிறா, மொகமெல்லாம் வேர்வை, ஒரே சிரிப்பு. எனக்குத் துட்டி வீட்டுல இருந்தத விட இங்க வந்துதான் நெஞ்சு அடைச்சுச்சு.

நானும் சுத்திச் சுத்தி வந்து பாத்தேன் சார். குனிஞ்சு பாத்தேன், பின்னாடி போயிப் பாத்தேன். ஒரு நட்டு கெடையாது. அது வெள்ளிக்கிழமை வேற. அவ விளக்கேத்துனா, பழக்கத்துல கை ஸ்பானர எடுத்திருச்சு. எடுத்துட்டேன், எங்க வைக்கிறது? கடைசியில கல்லாப்பெட்டிக் கொண்டி கொஞ்சம் லூசா இருந்துச்சு, அத முடுக்கிட்டு வந்து உக்காந்தேன். அவ காப்பியக் குடுத்துட்டு, "ஆறுறதுக்கு முன்னாடி குடிங்க, இனிமே முடுக்க ஒண்ணுமில்ல"ங்கிறா. சொந்தக் கடையில ஒக்காந்திருக்க ஆம்பளையப் பாத்துச் சொல்ற பேச்சா சார் இது? நல்லெண்ணத்துல சொன்னாளாம். பாக்கியம் சொல்லுது.

அந்த ரெண்டு ரேக்கும் நிக்குதான்னு கேட்டீங்கன்னா, நிக்குது. பித்தளை பூராம் அதுலதான் இருக்கு. தவலை, குத்துவிளக்கு, உருளி, எல்லாம் பாரமான சாமான். நான் தொங்கிக்கூடப் பாத்துட்டேன், அசையல. அது வேற விஷயம். அதப் பத்தி நான் பேச வரல. நான் சொல்றது மூணாவது, அந்த மூலையில நிக்கிறது. அதுதான் உங்க கம்பெனி லட்சணம்.

மூணாவத மாட்டும்போது நான் இருந்தேன். சும்மா இல்ல, கண்டிசனாச் சொல்லிட்டேன். என் கடையில எனக்குத் தெரியாம ரெண்டு நின்னுருச்சு, இதுக்காவது மொதக் கால நாந்தான் நிறுத்துவேன்னு. அவ ஒண்ணும் மறுத்துச் சொல்லல. "நல்ல நேரம் பாத்து நீங்களே நிறுத்துங்க"ன்னா. ஆவணி முகூர்த்தம் தொடங்குற சமயம் சார். கல்யாண வீட்டுல பந்தல் போடுறதுக்கு முன்னாடி முகூர்த்தக்கால் ஊன்றோம்ல? மஞ்ச தடவி, குங்குமம் வச்சு, மாவிலை கட்டி? கல்யாணத்துக்குச் சாமான் குடுக்கிற கடை, நமக்கும் அந்த முறை வேணும்ல? எந்த ரேக்கு கம்பெனிக்காரனுக்காவது இந்த யோசனை வந்திருக்கா?

நான் நல்ல நேரத்துல கிழக்க பாத்து நின்னுக்கிட்டு, கால எடுத்துக் கையில வச்சுப் பாத்தேன். ஓட்டையப் பாத்தேன். அவ சொன்ன மாதிரியே ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். உங்க ஆளு ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான், அகலம் மேல வர்ற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு சார். மூங்கில் ஊன்றோம், சவுக்கு ஊன்றோம், எதுக்கும் அடி பருமன், நுனி சிறுசு. பருமன் தரையில இருந்தாத்தானே கால் நிக்கும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரோ தெரியாத ஆளு மாத்தி ஒட்டிட்டான்னு அந்த ஸ்டிக்கர உரிச்சுப் போட்டுட்டு, அகலம் கீழ வர்ற மாதிரி நிமித்தி, உச்சியில நல்லா மூணு வெரலாலச் சந்தனத்தப் பட்டையா இழுத்து, நடுவுல குங்குமம் வச்சு, மாவிலையும் கட்டி...

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? உக்காருங்க. இன்னும் முக்கியமான எடத்துக்கே வரல. தெரியும், தெரியும், உங்களுக்கு இந்த மாதிரி எத்தனையோ கடை பாக்கணும். என் கதைய நான்தானே சொல்லணும்.

அவ தேங்கா ஒடைக்க உள்ள போயிருந்தா. வந்து பாத்தா. காலப் பாத்தா, என்னையப் பாத்தா, சந்தனத்தப் பாத்தா. மத்த மூணு காலையும் அவளே நிறுத்திச் சட்டத்த மாட்ட ஆரம்பிச்சா. மூணு மூலையும் டக்கு டக்குன்னு எறங்கி உக்காந்துருச்சு. நான் நிறுத்துன மூலையில மட்டும் எறங்கல. நுழையுது, ஆனா மாட்டல. கொழகொழன்னு கெடக்கு. அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா? "ஏங்க, இந்த ஒரு கால மட்டும் எடுத்துத் திருப்பிப் பாக்கட்டா?"ங்கிறா.

முகூர்த்தக்கால புடுங்கலாமா சார்? நீங்களே சொல்லுங்க. சந்தனம் குங்குமம் வச்சு நல்ல நேரத்துல ஊன்றுன கால, ஒரு நாழிகை ஆகல, புடுங்கி வீசுவாங்களா? கல்யாணச் சாமான் விக்கிற எடத்துல? புடுங்கவா ஊன்றதுன்னு ஒரு சத்தம் போட்டேன். சரின்னு விட்டுட்டா. நாந்தான் கட்டுக்கம்பி எடுத்து, அந்த மூலையில சட்டத்தையும் காலையும் சேத்து இறுக்கிக் கட்டுனேன். ட்ரில் வாங்கி ஒரே ஒரு போல்ட்டு போட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். அவதான் வேணாம்னுட்டா. "அந்த மூலையில பாரம் வைக்க வேணாம்ங்க, டிபன் பாக்ஸ் மட்டும் வைப்போம்"னா. அவ சொன்னபடியே வச்சு, அப்பிடியே நின்னுச்சு. ஆனா ஆடும். நான் தெனமும் பிடிச்சு ஆட்டிப் பாப்பேன். ஆடும். அவகிட்டச் சொல்லுவேன், பாத்தியா உன் ரேக்கு லட்சணத்தன்னு. டிபன் பாக்ஸத் தொடைச்சு அடுக்கிக்கிட்டே இருப்பா.

அப்புறம் அந்த நாள் வந்துச்சு. பாலவனத்தத்துல இருந்து ஒரு வீட்டுக்காரங்க, பொண்ணு, பொண்ணோட அம்மா, பெரியம்மான்னு கூட்டமா வாராங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. நல்ல வரவு. வாசல்ல நுழைஞ்சதும் கண்ணுல படுற எடம் எது? அந்த மூலைதான். அங்க போயி டிபன் பாக்ஸ அடுக்கி வச்சா கடைக்கு என்ன மரியாதை? காலையில அவ வீட்டுல இருந்து வர்றதுக்குள்ள நானே அத எடுத்துட்டு, அண்டாவ ஏத்துனேன். பெரிய அண்டா, அதுக்குள்ள சின்ன அண்டா, பக்கத்துல ரெண்டு குடம். சும்மா ராஜா மாதிரி இருந்துச்சு. அவ வந்து பாத்துட்டு, "அத எறக்கிருங்க"ன்னா. அதுக்குள்ள அவங்க வந்துட்டாங்க. வந்தவங்க முன்னாடி எறக்கிக்கிட்டா இருப்பாங்க?

கம்பி போட்டுத்தான் கட்டியிருந்தேன் சார், தாங்கிரும்னு இருந்தேன். கல்யாணப் பொண்ணு அந்த ரேக்குக்குக் கீழ நின்னு சம்படம் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மேல ஒரு சத்தம் கேட்டுச்சு. கம்பி விட்டுருச்சு, கொண்டை வெளிய வந்திருச்சு, தட்டு சாஞ்சிருச்சு. சந்தனமாரி எங்க இருந்து பாஞ்சான்னு தெரியல, பொண்ண ஒரு தள்ளு தள்ளிட்டு, சாஞ்ச தட்டக் கையால ஏந்திட்டா. அண்டா அவ கையில மோதி, உருண்டு கீழ விழுந்துச்சு. கடை பூராம் கணார்னு ஒரு சத்தம். யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவ கையிலதான் லேசா அடி, வீக்கம், அவ்வளவுதான். ஆனா அண்டா நசுங்கிப் போச்சு சார். புது அண்டா. பொண்ணோட பெரியம்மா, சீர்ப் பாத்திரம் கீழ விழுந்திருச்சே, சகுனம் சரியில்லையேன்னு சொல்லிக்கிட்டே எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போயிருச்சு. அடுத்த கடையில போயி வாங்கியிருக்காங்க. நான் இந்தக் கண்ணால பாத்தேன்.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வாயில வந்தது வந்திருச்சு. போல்ட்டு இல்லாத சாமான வாங்காத, வாங்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல, மரமண்டை, உன்னாலதான் என் மானம் போச்சுன்னேன். பாக்கியம் நின்னுச்சு, டீக்கடைக்காரர் நின்னாரு, ரோட்டுல நாலு பேரு நின்னாங்க. நிக்கட்டுமே, உள்ளதத்தானே சொன்னேன்? அவ அழுகல. கைய முந்தானையில சுத்திக்கிட்டா. கல்லாச் சாவிய எடுத்து எம் முன்னாடி வச்சிட்டு, "இனிமே நீங்களே முடுக்கிக்கிட்டு இருங்க"ன்னா. போயி பஸ் ஏறிட்டா.

என்னத்த முடுக்குறது, அதான் ஒண்ணுமில்லையே.

ஒரு வாரம் ஆச்சு சார். எந்தச் சம்படத்துக்கு எந்த மூடின்னு அவளுக்குத்தான் தெரியும். நேத்து ஒரு அம்மா தூக்குவாளி கேட்டுச்சு, வாளி இருக்கு, மூடியக் காணோம். இருக்கிற மூடி எல்லாத்தையும் வச்சு வச்சுப் பாத்தேன், ஒண்ணும் சேரல. அந்த அம்மா சிரிச்சிட்டுப் போயிருச்சு. வீட்டுல அவ இல்லாம வெளக்கேத்தல. முத்துக்கனி வீட்டுக்குப் போன் போட்டா அந்தப் பொம்பள, "அவ தூங்குறா"ன்னு வச்சிருது. பகல்ல என்ன தூக்கம்? எனக்கும் ரோசம் இல்லையா? அவளா வாங்குன ரேக்கு, அவளா மாட்டுன ரேக்கு, அது விழுந்ததுக்கு நான் போயி எறங்கிப் பேசணுமா? அதான் கம்பெனி வந்து சொல்லட்டும்னு இருக்கேன்.

சரி, இப்பப் போயிப் பாருங்க. நான் தட்ட மறுபடி ஏத்திக் கம்பியில கட்டி வச்சிருக்கேன், சாமான் ஒண்ணும் வைக்கல. நல்லாப் பாத்து எழுதுங்க.

என்னது, டீயா? அப்பக் கேட்டப்ப வேணாம்னீங்க. சரி சரி, சொல்லிட்டு வாரேன். நானே போனாத்தான் நல்ல பாலா ஊத்துவான்.

*

இந்தாங்க, சூடா இருக்கு. பாத்துப் பிடிங்க. கொஞ்சம் நேரமாயிருச்சு, அவன் வேற, சந்தனமாரி அக்கா எப்ப வருது, எப்ப வருதுன்னு உசுர வாங்குறான்.

அட. முடிஞ்சிருச்சா?

ஆட்டிப் பாக்கவா? ஆடல. இங்கிட்டு? இங்கிட்டும் ஆடல. சார், நான் தொங்கப் போறேன், பாத்துக்கங்க. ம். நிக்குது. கம்பி எங்க? கழட்டிட்டீங்களா? கம்பி இல்லாமயா நிக்குது?

என்ன செஞ்சீங்க? கால் பழுதா? ஓட்டை சரியா அடிக்காம வந்திருச்சா? மாத்திட்டீங்களா? சபாஷ். கம்பெனித் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிறீங்கள்ல? நான் என்ன சொன்னேன்? பாத்த ஒடனே சொன்னேன்ல, மாத்தி ஒட்டிட்டான்னு. இதத்தான் சார் கேட்டேன், இந்த ஒரு வார்த்தைய. இருங்க, போன எடுக்கிறேன். இதே மாதிரி அவகிட்டச் சொல்லணும், கம்பெனித் தப்பு, வாங்குனது தப்புன்னு. கண்ணாடிய எங்க வச்சேன்? இங்கதானே...

சார்.

இங்க கீழ என்ன சந்தனம்?

இல்ல, தரையோரமா, காலுக்கு அடியில. சந்தனமும் குங்குமமும் இருக்கு. மாவிலையும் நசுங்கிக் கெடக்கு. சாமி காரியத்துக்கு வச்ச சந்தனத்தக் கொண்டுபோயி மிதிபடுற எடத்துல வைக்கலாமா சார்? நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரரா இருந்தாலும் இதெல்லாம் தெரிய வேணாமா? நான் உச்சியிலல்ல வச்சேன். மூணு வெரலு, பட்டையா...

உச்சியில வச்சேன்.

இது அதே கால்தானே. புதுக்கால் இல்ல. மாத்தல நீங்க. திருப்பி வச்சிருக்கீங்க.

பேசுங்க சார். ஏன் மாத்துனேன்னு சொன்னீங்க? நான் ஒண்ணும் கோவிக்கமாட்டேன். வயசானவன், எங்கிட்ட எதுக்குப் பொய்? டீ கேட்டது என்னைய வெளிய அனுப்பத்தானா?

யாரு சொல்லச் சொன்னா?

சந்தனமாரியா? அவ எப்பப் போன் பண்ணுனா?

மறுநாளேவா. அங்க போயிச் சேந்த மறுநாளேவா. அப்ப நான் போட்ட சத்தத்துக்கு நீங்க வரல. என் பேருல கம்ப்ளெயிண்டே இல்லையா? அப்ப நான் யாருகிட்டச் சார் கோர்ட்டுக்குப் போவேன்னு சொன்னேன்? சரி விடுங்க, அது கெடக்கட்டும். அவ என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு கால் தலைகீழா நிக்குது, அவரு இல்லாத நேரமாப் பாத்துத் திருப்பி வச்சிருங்க. ம். கம்பெனியில இருந்தே அப்பிடி வந்திருச்சுன்னு சொல்லிருங்க. ம். அவரு நல்ல நேரம் பாத்து வச்ச கால், அவரால வந்ததுன்னு தெரிஞ்சா மனசு விட்டுருவாரு.

அப்பிடியா சொன்னா. மனசு விட்டுருவாருன்னா.

தெரிஞ்சிருக்கு சார் அவளுக்கு. தேங்காயோட வந்து நின்னாளே, அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? வாயத் தெறந்து, யோவ், தலைகீழா நிறுத்தியிருக்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? எல்லாத்துக்கும் வாய் பேசுறவ, இதுக்கு மட்டும்...

சொன்னா. எடுத்துத் திருப்பிப் பாக்கட்டான்னா. எறக்கிருங்கன்னா. சொல்லத்தான் செஞ்சா.

நீங்க டீயக் குடிங்க சார், ஆறுது.

இத்தன பேருக்கு முன்னாடி மரமண்டைன்னு சொன்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல அவ. பாக்கியம் நின்னுச்சு, டீக்கடைக்காரரு நின்னாரு. நீதான்யா தலைகீழா வச்சன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்கிட்டிருப்பேன்? சாவிய வச்சிட்டுல்ல போனா. எரிச்சலா வருது சார். அவ மேல இல்ல. யாரு மேலன்னு தெரியல.

வேற ஏதும் சொன்னாளா? என்னையக் கேட்டாளா?

ஒண்ணு, ரெண்டுன்னு அவ அழுத்த, போனப் பிடிச்சுக்கிட்டு இருந்தது அவ அக்காவா? ஏன், அவளுக்குப் பிடிக்க முடியாதா?

மாவுக்கட்டா?

வீக்கம்தான் சார் அது. லேசா வீக்கம். நான் பாத்தேனே. முந்தானைய வச்சுச் சுத்தியிருந்தா, நான் அண்டாவத் தூக்கி நிமித்திக்கிட்டு இருந்தேன், அதுல... எலும்புன்னா சொன்னாங்க? அப்ப அவ தூங்குறா தூங்குறான்னு அந்தம்மா சொன்னது நெசம்தானா? வலிக்கு மாத்திரை போட்டுத் தூங்கியிருப்பா. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே. ஒரு வாரமாக் கையில கட்டோட இருக்கா, எங்கிட்ட ஒரு நாதி சொல்லல.

நான் கேக்கவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் போன எடுத்ததும், அவளுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சான்னுதான் கேட்டேன்.

நீங்க எந்தப் பக்கம் போறீங்க? சாத்தூரா? அப்ப என்னையும் வண்டியில ஏத்திக்கங்க. அங்க கோவில்பட்டி பஸ்ஸுல ஏறிக்கிறேன். கடைய எறக்கிச் சாத்த ரெண்டு நிமிசம் ஆகாது. கையெழுத்து எங்க போடணும்? இங்கயா? ரேக்கு நல்லாருக்குன்னே எழுதிக்கங்க. உள்ளதுதானே.

அந்த ஸ்பானரா? இடுப்புல உறுத்துது, அந்தத் தட்டுல வையுங்க. அது தாங்கும்.

சார், ஷட்டர இழுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. போயிப் பாத்தாத் தெரியும்தான், இருந்தாலும் கேக்குறேன். அங்க போயி அவ முன்னாடி நின்னா எனக்குப் பேச்சு வராது, பதறிப் போயிக் கையத்தான் பிடிப்பேன். கட்டு எந்தக் கையிலன்னு ஏதும் சொன்னாளா?